காவேரி நட்ட சாமந்தி

ஆடி 3

என் பெயர் சென்றாயன். இதை நானே எழுதினேன்.

ஆடி 4

நேற்று எழுதியதை இன்று எடுத்துப் பார்த்தேன். அப்படியே இருந்தது. படித்தேன். என் பெயர்தான்.

ஆடி 6

இந்த நோட்டு ரேணுகா டீச்சர் கொடுத்தது. தினமும் நடந்ததை இரண்டு வரி எழுதுங்கள் தாத்தா, எழுத்து மறக்காது என்றார். எழுதுகிறேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். மகள் காவேரியும் நானும் சாமந்திக்குக் களை எடுத்தோம். இதை எழுத அரை மணி நேரம் ஆனது. ‘ழ’ போடும்போது கை எங்கோ போய் எங்கோ வருகிறது. போட்டு முடித்தால் அழகாக இருக்கிறது. ழ ழ ழ.

ஆடி 9

எனக்கு அறுபத்தெட்டு வயது. என் சம்சாரம் போய் நாலு வருஷம். இத்தனை வருஷமாகக் கட்டைவிரல்தான். இப்போது முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கற்றுக்கொள்கிறேன். எங்கள் புளியங்கொட்டாயில் பத்துப் பேர் படிக்கிறோம். காட்டு வேலை முடித்து ஏழு மணிக்கு வருவார்கள். முதலில் கோயில் வாசலில் நடந்தது. அங்கே மினுக்கு மினுக்கென்று ஒரு பல்பு. அதில் ‘ள’ எது ‘ன’ எது என்று தெரியாது. நான்தான் எங்கள் களத்துக்கு வாருங்கள் என்றேன். வார்டு மெம்பரிடம் நாலு நடை நடந்து, தேருக்குப் போடுகிற மாதிரி பெரிய விளக்கு ஒன்று வாங்கி, மோட்டார் கொட்டகையின் முன்சுவரில் உயரமாகக் கட்டினேன். போட்டால் களமும் அதை ஒட்டிய சாமந்திக் காடும் பகல்போல ஆகிவிடுகிறது.

தீர்த்தகிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு, “டேய் சென்றாயா, இன்னா வெளிச்சம்டா இது! இதுல என் தப்பெல்லாம் ஊருக்கே தெரியுமே” என்றான். அவன் எனக்கு மச்சான் முறை. இன்னமும் ‘அ’ வைத் திருப்பித்தான் போடுகிறான்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு நான் விளக்கடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்த ஊரில் இந்த நேரத்தில் எழுதுகிற ஒரே ஆள் நான்தான்.

ஆடி 12

இன்று பெரிய விஷயம் எழுதப் போகிறேன். மூன்று நாளாக மனதில் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன்.

காவேரி என் மகள். முப்பத்தொரு வயது. பாலக்கோட்டில் முனிரத்தினத்துக்குக் கட்டிக்கொடுத்தேன். குழந்தை இல்லை. போன மாசி மாதம் ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாள். இடது முழங்கையில் மாவுக்கட்டு. “கெணத்துப் படியில வழுக்கிட்டம்பா” என்றாள். அவர்கள் வீட்டில் கிணறு கிடையாது.

பங்குனியில் உறவுக்காரர்கள் கூடி உட்கார்ந்தார்கள். ஓசூர் கம்பெனியில் வேலை செய்கிற என் மகன் மாதேசனும் வந்திருந்தான். நிலம் அவன் பேருக்கு மாறி மூன்று வருஷம் ஆகிறது. “கட்டிக்குடுத்த பொண்ணு எத்தனை நாளைக்கு இங்க இருக்கும்? நாளைக்கு என்னைத்தான கேப்பாங்க” என்றான். அப்போது நான் எழுந்து சொன்னேன். “ஒரே ஒரு வெள்ளாமை. இருபது சென்ட்டுல சாமந்தி. அவளே நடட்டும், அவளே பறிக்கட்டும். தீபாவளிக்குள்ள பூ வந்து அவ பொழைப்ப அவ பாத்துக்கிட்டா இங்கியே இருக்கட்டும். வரலைன்னா, நானே கூட்டிக்கினு போயி உட்டுட்டு வரேன்.” சபையில் எல்லோரும் சரி என்றார்கள். முனிரத்தினமும் சரி என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அன்றைக்கு நான் நன்றாகப் பேசினேன் என்று தீர்த்தகிரி சொன்னான்.

வைகாசி கடைசியில் ராயக்கோட்டையிலிருந்து கன்று கொண்டுவந்து நட்டோம். எல்லாம் காவேரி கை நட்டது. கடைசி நாள் முழங்கை வீங்கிவிட்டது. அதனால் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற நாலு பாத்தி மட்டும் நான் நட்டேன்.

கை வலிக்கிறது. எழுதின கை.

ஆடி 14

இரண்டாம் முறை நுனி கிள்ளினோம். டீச்சர் சீக்கிரமே வந்துவிட்டார், வரப்பில் நின்று பார்த்தார்.

“ஏங்க்கா, நல்லா வர்ற கொழுந்தப் போயி கிள்ளிப் போடுறீங்களே?”

“கிள்ளினாத்தான் டீச்சர் பக்கத்துல கெளை உடும். இல்லாட்டி ஒத்தையா நெட்டுக்குப் போயி, உச்சியில ஒரே ஒரு பூ வெச்சுக்கினு நிக்கும்” என்றாள் காவேரி.

“உங்களுக்குக் கை நல்லா வேகமா வருது.”

“ஒரு கைதான் டீச்சர். இன்னொண்ணு சும்மா தொணைக்கு வருது.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். காவேரி சத்தம் போட்டுச் சிரித்துப் பார்த்து வருஷமாகிறது.

ஆடி 18

பெருக்குக்கு ஒகேனக்கல் போனோம். பஸ் வந்தபோது யாரையும் கேட்கவில்லை. நானே படித்து, நானே ஏறினேன். வழியெல்லாம் படித்துக்கொண்டே போனேன். சுவர் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். அறுபத்தெட்டு வருஷமாக எல்லோரும் என்னோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள், நான்தான் கேட்காமல் போயிருக்கிறேன். குழந்தை வேண்டுமா என்றுகூட ஒரு சுவரில் கேட்டிருந்தது.

ஆடி 26

காட்டுப்பன்றி பக்கத்துக் காட்டில் புகுந்து வள்ளிக்கிழங்கைக் கிளறிவிட்டது. எங்கள் பக்கம் வரவில்லை. விளக்குதான் காரணம். இனிமேல் ராத்திரி முழுக்க எரியட்டும் என்று விட்டுவிட்டேன். படிப்புக்குப் படிப்பு, காவலுக்குக் காவல். மாதேசனுக்கு போனில் சொன்னேன். “நல்ல யோசனைப்பா” என்றான். அவன் என்னை அப்படிச் சொல்வது அபூர்வம்.

ஆவணி 5

செடி முழங்கால் தாண்டிவிட்டது. கரும்பச்சை. அசுவினி இல்லை, சாம்பல் நோய் இல்லை. வேப்பம் புண்ணாக்கு வைத்தோம்.

காவேரி காலையில் கண் சிவந்து வந்தாள். “வெளக்கு ஜன்னல் வழியா மூஞ்சியிலயே அடிக்குதுப்பா. தூக்கமே இல்ல. எனக்குத்தான் அப்படின்னா, அந்தச் செடியெல்லாம் எப்பத்தான் தூங்கும்?”

நான் சிரித்தேன். செடிக்கு எதற்குத் தூக்கம், அது என்ன காலையில் எழுந்து வேலைக்கா போகிறது என்றேன். ஜன்னலுக்குச் சாக்குப் போட்டுக் கொடுத்தேன்.

ஆவணி 13

இன்று எழுத நேரமில்லை. ஆனாலும் எழுதினேன்.

ஆவணி 21

மொட்டு! கொட்டகைக்குப் பின்னால், நான் நட்ட நாலு பாத்தியில். மிளகு மிளகாகக் கொத்துக் கொத்தாக வைத்திருக்கிறது. காவேரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் அவள் நட்ட பாத்திகளை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்துவிட்டு வந்தாள். அதில் இன்னும் இல்லை. வரும்.

ஆவணி 29

முன்பக்கம் இன்னும் மொட்டு இல்லை. செடி மட்டும் இடுப்பு உயரம். கொட்டகைக்குப் பின்னால் குழாய் ஒழுகுவதால் ஈரம் அதிகம், அதனால்தான் அங்கே மொட்டு என்று பேசிக்கொண்டோம். முன்பக்கத்துக்கும் ஒரு தண்ணீர் கூட விட்டோம். காவேரி மதியச் சோறு தின்னாமல் மடை திருப்பிக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் எனக்கு எல்லோரையும்விட அதிக மதிப்பெண்.

புரட்டாசி 4

தண்ணீர் விட்டால் செடி இன்னும் உயரமாகிறது, அவ்வளவுதான். காவேரி தண்ணீரை நிறுத்திப் பார்த்தாள். உச்சியை இன்னொரு தரம் கிள்ளலாமா என்றாள். இந்த மாதத்தில் கிள்ளினால் பூ எப்போது வரும் என்றேன். தப்பு எங்கப்பா, நான் நட்டதுலயா, கிள்ளினதுலயா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷமாகச் சாமந்தி வைக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை.

வகுப்புக்கு வந்த தீர்த்தகிரி செடியைப் பார்த்துவிட்டு, “இன்னாடா இது, பூவுக்கு வெச்சியா, கீரைக்கு வெச்சியா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகுதான் பார்த்தேன், காவேரி தண்ணீர்க் குடத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

புரட்டாசி 9

பின்பக்கத்து நாலு பாத்தியும் பூத்துவிட்டது. நல்ல மஞ்சள். பூ பறிக்கக் கூலிக்கு வருகிற பச்சியம்மாள் வந்து பார்த்தாள். அவளும் வகுப்பில் படிக்கிறவள்தான்.

“இது யாருண்ணா நட்டது?”

“நான்தான்.”

“முன்னாடி இருக்கறது?”

“காவேரி.”

பச்சியம்மாள் குரலைத் தாழ்த்தி, “ஒரே கன்னு, ஒரே தண்ணி, ஒரே எருவு. நீ நட்டது பூக்குது, அவ நட்டது பூக்கல. புருசன உட்டுட்டு வந்தவ கைண்ணா. பூ விசயம், சாமிக்குப் போறது. நான் சொன்னேன்னு சொல்லாத” என்றாள்.

அவள் கெட்டவள் இல்லை. என் சம்சாரம் கடைசியில் படுத்துக் கிடந்தபோது ஒன்றரை மாதம் வந்து குளிப்பாட்டி விட்டவள்.

புரட்டாசி 12

ஊரெல்லாம் அதையே பேசுகிறார்கள். குழாயடியில் காவேரி காதிலும் விழுந்திருக்கிறது. காட்டுக்குள் போகாமல் வரப்பிலேயே நின்றாள். “நீயே மடை கட்டுப்பா. நான் உள்ள வரல” என்றாள்.

அதெல்லாம் சும்மா பேச்சு என்றேன்.

“ரெண்டு பக்கமும் கண்ணு முன்னாடி நிக்குதேப்பா” என்றாள்.

புரட்டாசி 14

டீச்சர் எல்லோருக்கும் படித்துப் பழக ஒவ்வொரு புத்தகம் கொடுத்தார். எனக்குச் சாமந்தி சாகுபடி. நாற்பது பக்கம், அட்டையில் பூப்படம். “உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்னா சீக்கிரம் படிப்பு வரும் தாத்தா” என்றார். என் வாழ்க்கையில் முதல் புத்தகம். முகர்ந்து பார்த்தேன்.

புரட்டாசி 16

ஒரு நாளைக்கு இரண்டு பக்கம். கன்று எடுப்பது, பார் கட்டுவது, நுனி கிள்ளுவது எல்லாம் போட்டிருக்கிறது. எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் என்னை ஒருநாளும் பார்க்காத யாரோ ஒருவர் என் வேலையை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். முப்பது நாளில் நுனி கிள்ள வேண்டும் என்று படித்தபோது, ஆமாம் ஆமாம் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

புரட்டாசி 19

இன்று பதினொன்றாம் பக்கம். பதினான்கு வரி. எங்கும் தட்டாமல், விரல் வைக்காமல், ஒரே மூச்சாகப் படித்தேன். ஒரு முழுப் பக்கத்தை இப்படிப் படிப்பது இதுதான் முதல் முறை. சந்தோஷத்தில் இரண்டாம் தடவையும் படித்தேன். அப்போதுதான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது விளங்கியது.

ஏணி எடுத்துப் போய் விளக்கைக் கழற்றினேன். மத்தியான வெயிலில்.

புரட்டாசி 20

விளக்கு கெட்டுப்போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். வகுப்பு மறுபடியும் கோயில் வாசலுக்குப் போனது. “நேத்துகூட நல்லாத்தான எரிஞ்சது” என்றாள் காவேரி. திடீரென்று போய்விட்டது என்றேன்.

கழித்தல் கணக்கு டீச்சர் போன வாரம்தான் சொல்லிக்கொடுத்தார். புரட்டாசியில் இன்னும் பதினொரு நாள். ஐப்பசியில் தீபாவளி வரை பதினாலு. மொத்தம் இருபத்தைந்து. புத்தகத்தில் போட்டிருப்பது அறுபது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, மூன்று தடவை போட்டேன்.

புரட்டாசி 22

மாட்டுக்கு லாடம் கட்டினேன். வேலி ஒரு இடத்தில் சாய்ந்திருந்தது, நிமிர்த்தினேன். காவேரியிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று போனேன். தலை வாரிக்கொண்டிருந்தாள். தலை வாரும்போது சொல்ல வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

புரட்டாசி 25

ஆயுத பூஜை. பின்பக்கத்துப் பூவைப் பறித்து மோட்டாருக்கும் மண்வெட்டிக்கும் போட வேண்டும். காவேரி கூடையை என் கையில் கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டாள். “நீயே பறிப்பா. நான் தொட்டு, அதுவும் கருகிப் போச்சுன்னா?”

அப்போது சொல்லியிருக்கலாம். நல்ல நாள், எதற்கு என்று விட்டேன். பூஜை முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். பூஜை முடிந்ததும் சாப்பிட்டோம். சுண்டல் நன்றாக இருந்தது.

புரட்டாசி 29

சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். எப்படியும் தீபாவளிக்குப் பூ வராது. சொல்லியும் வராது, சொல்லாமலும் வராது. அப்படி இருக்கும்போது எதற்கு அவள் மனதைக் கஷ்டப்படுத்த வேண்டும்?

ஐப்பசி 2

காவேரி கோயிலுக்குப் போய் உள்ளே நுழையாமல் திரும்பி வந்தாள் என்று தீர்த்தகிரி சொன்னான். “பொண்ணு மெலிஞ்சு போயிருச்சுடா. இன்னா சேதி?” என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

ஐப்பசி 6

முன்பக்கத்தில் ஒரு செடியின் நுனியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். நகத்தால் கீறிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இருட்டு போதவில்லை இன்னும்.

ஐப்பசி 9

காவேரி என் வேட்டியெல்லாம் துவைத்து மடித்து வைத்தாள். மிளகாய் அரைத்து டப்பாவில் போட்டாள். ஒரு மாதத்துக்கு வரும் என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசி 13

மெதுவாக எழுதுகிறேன். எதையும் விடாமல் எழுத வேண்டும்.

மாதேசன் காலையில் வந்தான். பங்குனியில் உட்கார்ந்த அதே ஆட்கள் பத்து மணிக்கு வந்தார்கள். முனிரத்தினமும் வந்தார். புதுச் சட்டை. வந்ததும் வரப்பில் நின்று காட்டைப் பார்த்தார். “நல்லாத்தான் வளத்திருக்கா. மாட்டுக்கு ஆவும்” என்றார்.

எல்லோரும் உட்கார்ந்ததும் மாதேசன், “அப்பா, நீதான சொன்ன. இப்ப நீயே சொல்லு” என்றான்.

நான் புத்தகத்தோடு எழுந்தேன். பதினொன்றாம் பக்கத்தைத் திறந்து படித்தேன். எத்தனையோ தடவை படித்த பக்கம், நேற்றுத்தான் எழுத்துப் படித்தவன்போல ஒவ்வொரு எழுத்திலும் தட்டினேன். “சாமந்தி நீண்ட இரவில் மொட்டு வைக்கும் செடி. இரவில் விளக்கு வெளிச்சம் விழுந்தால் செடி உயரமாக வளருமே தவிர மொட்டு வைக்காது. விளக்கை நிறுத்திய பின் பூக்க இரண்டு மாதம் வரை ஆகும்.” படித்துவிட்டுச் சொன்னேன். “நான் கட்டின வெளக்குதான். வகுப்புக்குக் கட்டினேன். பின்னாடி நாலு பாத்திக்குக் கொட்டாய் மறைச்சுக்கிச்சு, வெளிச்சம் படல, அதனால பூத்துச்சு. அவ கையில ஒண்ணும் இல்ல.”

ஒரு பெரியவர் சிரித்தார். “வெளக்கு வெச்சா பூ பூக்காதா? அப்ப கார்த்திகைக்கு வெளக்கு வெக்கறமே, ஊருல பூவே இருக்காதா?” எல்லோரும் சிரித்தார்கள்.

மாதேசன் சிரிக்கவில்லை. “இருப்பா. அந்த வெளக்குதான் கெட்டுப்போயி ஒரு மாசமாவுதே. நீதான போன்ல சொன்ன. அப்பறமும் ஏன் பூக்கல?”

“ரெண்டு மாசம் ஆவும்னு போட்டிருக்குதே...”

“புக்குல ஆயிரம் போடுவான். அதெல்லாம் பெங்களூருல கண்ணாடிக் கொட்டாய்ல வளக்கறவனுக்கு.”

விளக்கு கெடவில்லை, நான்தான் கழற்றினேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் கதவோரம் நின்றிருந்த காவேரி கேட்டாள். சத்தமே இல்லாமல் கேட்டாள்.

“இத எப்பப்பா படிச்ச?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். பதில் என் நாக்கில் இருந்தது. தேதியோடு இருந்தது.

“நேத்து” என்றேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சின்னப் பிள்ளை பொய் சொன்னால் தாய் சிரிப்பதுபோல. பிறகு உள்ளே போய்ப் பையை எடுத்துவந்தாள். ஏற்கெனவே கட்டி வைத்திருந்திருக்கிறாள்.

ஐப்பசி 14

தீபாவளி. காலை பஸ்ஸில் போய்விட்டாள். நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று சபையில் சொன்னது நான்தான். கிளம்பினேன். “வேணாம்பா, நான் போயிக்கறேன். நீ இரு. எனக்காக நேத்து அத்தன பேரு முன்னாடி நின்னியே, அது போதும்” என்றாள்.

ஐப்பசி 18

முன்பக்கத்தில் மொட்டு. கடுகு அளவு.

கார்த்திகை 3

வகுப்பில் தேர்வு வைத்தார்கள். நான்தான் முதல் என்று டீச்சர் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். தீர்த்தகிரி என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

கார்த்திகை 19

பூத்துவிட்டது. இருபது சென்ட்டும் மஞ்சள். மண் தெரியவில்லை. கிளைக்குக் கிளை பாரம் தாங்காமல் சாய்ந்து கிடக்கிறது. நாற்பது வருஷத்தில் இப்படிப் பூத்ததில்லை. அவள் இரண்டு தடவை கிள்ளினாளே, அந்தக் கிளையெல்லாம்.

பச்சியம்மாள் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு பறிக்க வந்தாள். வரப்பில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“பாத்தியாண்ணா? அவ அந்தாண்ட போனா, இது இந்தாண்ட பூத்துருச்சு.”

“வெளக்கு பச்சியம்மா. நான் வெளக்கக் கழட்டி ரெண்டு மாசம் ஆச்சு. அதான் பூத்துது.”

“ஆமாண்ணா, ஆமா” என்றாள். பைத்தியக்காரனிடம் பேசுகிற குரல். “பெத்த மனசு, அப்படித்தான் சொல்லும்.” மற்றப் பெண்கள் குனிந்து பறிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள். டீச்சர் மட்டும் நம்பினார். நம்பிவிட்டு அழுதார். அவர் அழுது என்ன செய்ய? வகுப்புக்கு அந்த வெளிச்சத்தைக் கேட்டது நான்.

கார்த்திகை 21

காவேரி போன் செய்தாள். அவளாகவே செய்வது இதுதான் முதல் முறை. பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கினாள். என்ன என்றேன். விலாவில் கொஞ்சம் பிடிப்பு என்றாள். வழுக்கிவிட்டாளாம்.

“பூத்துருச்சாமே?”

“ஆமா.”

“நல்லா பூத்திருக்குதா?”

“நல்லா பூத்திருக்குது. எல்லாம் நீ கிள்ளின கெளைதான்.”

“நான் இருக்கற வரைக்கும் பூக்கலியேப்பா” என்றாள். “இங்க அத்தையும் அதத்தான் சொல்றாங்க. சாமி மாடத்துல வெளக்கேத்த வேணாங்கறாங்க. அவங்க சொல்றதும் சரிதான. என் கை அப்படி.”

“இல்ல கண்ணு. வெளக்குதான். அன்னிக்குப் படிச்சுக் காட்டினனே.”

“நீ எனக்காகச் சொன்னப்பா. எனக்குத் தெரியாதா? முந்தின நாளு வரைக்கும் வாயத் தொறக்கல. அன்னிக்குப் பாத்து ஒரு புக்க எடுத்துக்கினு வந்து நிக்கற. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுவையும் வந்துச்சு. வுடு. நீ சாப்பிட்டியா?”

சாப்பிட்டேன் என்றேன். யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாள்.

கார்த்திகை 22

இந்த நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். புரட்டாசி பத்தொன்பது. விளக்கு கெடவில்லை, நான்தான் கழற்றினேன் என்று அன்றைக்கே எழுதியிருக்கிறேன். இதைப் பார்த்தால் அவள் நம்புவாள். அவள் கையில் குற்றம் இல்லை என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி இதுதான்.

ஆனால் புரட்டாசி பத்தொன்பதைப் படிக்கிறவள் அதோடு நிறுத்த மாட்டாள். அதற்கடுத்த இருபத்தைந்து நாளையும் படிப்பாள். அவள் வரப்பில் நின்றதும், பூக்கூடையை என்னிடம் கொடுத்ததும், கோயிலுக்குள் போகாமல் திரும்பியதும், அப்போதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது என்பதும் அதில் இருக்கிறது. எனக்காக அத்தனை பேர் முன்னால் நின்றாய் என்று சொன்னாளே, அதுவும் போய்விடும். என்னைப் பற்றி அவளிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

தபாலில் போட்டால் முதலில் முனிரத்தினம் கைக்குத்தான் போகும். போனில் படித்துக் காட்டினால் மறுபடியும் எனக்காகச் சொல்கிறாய் என்பாள். அதனால் நாளைக்கு நானே போகிறேன். கையில் கொடுத்து, படி என்று சொல்லிவிட்டு வெளியில் நிற்பேன். எட்டாவது வரை படித்தவள், சீக்கிரம் முடித்துவிடுவாள். அதற்குப் பிறகு என்னோடு வருவாளா என்றால் வர மாட்டாள். வருவதற்கு இங்கே இடம் இல்லை, மாதேசன் சொல்லிவிட்டான். அப்பா என்று கூப்பிடுவாளா என்பதும் தெரியாது. விளக்கேற்றுவாள். அவள் வீட்டு மாடத்தில் அவள் கையால் ஏற்றுவாள்.

கொடுப்பதற்கு முன்னால் முதலிலிருந்து ஒரு தடவை படித்துப் பார்த்தேன். சில இடங்களில் நான் நல்லவன்போல எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. எந்த இடம் என்று அவளே கண்டுபிடிப்பாள்.

பஸ் ஆறே காலுக்கு.